தைபே சந்தில் ஒரு உப்புப் பார்க்காத பாட்டி!

கையில் ஒரு துண்டுச் சீட்டு. கூடவே சுண்டு விரல் நீளத்தில் ஒரு பென்சில். சீட்டு முழுக்கச் சீன எழுத்து. பரீட்சை ஹாலில் வேறு சப்ஜெக்ட் கேள்வித்தாளை வாங்கிவிட்ட மாணவன் மாதிரி நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

"வயிறு கபகபங்குது. சீக்கிரம் எதையாவது டிக் பண்ணுங்க சார்" என்றார் மாயவரத்தார்.

இடம்: தைவான் தலைநகர் தைபேயில் ஒரு சந்து. நேரம்: இரவு ஏழு மணி. ஆபீஸ் டிரெய்னிங்குக்காக மூன்று வாரம் வந்திருந்தோம். இதொன்றும் அதிசயமில்லை. செய்யாறில் ஷூ தைக்கிற கம்பெனி, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டுகிற கம்பெனி என்று தைவான் முதலாளிகள் நம்ம பக்கம் கடை விரித்து வருஷங்கள் ஆகின்றன. இந்தியாவுக்கும் தைவானுக்கும் முறைப்படி தூதரக உறவு கிடையாது. ஆனாலும் 2012-ல் சென்னையில் ஒரு 'பொருளாதார, கலாசார மையம்' திறந்து, விசாவும் கொடுக்கிறார்கள். கலாசாரத்துக்கு எத்தனை பயன் பாருங்கள்!

மாயவரத்தார் என் ஆபீஸ் சகா. சுத்த சைவம். பக்கத்து டேபிளில் ஆம்லெட் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிற ரகம். நான் எல்லாம் சாப்பிடும் கட்சி. வந்து மூன்று நாளாக அவர் பிஸ்கெட்டிலும் வாழைப்பழத்திலும் ஜீவித்துக்கொண்டிருந்தார். பெட்டியில் வீட்டுப் புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் இருந்தது. "இந்தத் தடவை உப்பு ஒரு கல் தூக்கல்னு என் வீட்டுக்காரியே போன்ல ஒத்துக்கிட்டா" என்பார். ஆனாலும் பாட்டிலைத் தொடவிடமாட்டார். கடைசி வாரத்துக்கு ரிசர்வாம்!

அழகா... உள்ளேயா, பார்சலா?

தைபேயில் இந்த மாதிரிக் கடைகளுக்கு ஒரு லட்சணம் உண்டு. அடுப்படி முன்னால், தெருவைப் பார்த்து இருக்கும். சாப்பிடுகிற இடம் பின்னால். ஆவி பறக்கும் அண்டாக்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நாலைந்து ஸ்டீல் மேஜை, முதுகு சாய வழியில்லாத வட்ட ஸ்டூல்கள், டப்பா நிறையக் குச்சிகள், சுவரில் விலைப்பட்டியல், மூலையில் யாரும் பார்க்காத டி.வி.

நாங்கள் தலையை நீட்டியதுமே அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள், "ஷுவாய் கெ!" என்று குரல் கொடுத்தார்.

அதற்கு 'அழகா!' என்று அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்தபோது, எனக்கு இரண்டு நாள் தரை பாவவில்லை. அப்புறம்தான் விசாரித்தேன். வருகிற ஆம்பளைகள் எல்லாரையும் அங்கே கடைக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். தொப்பை, வழுக்கை எதுவும் தடையில்லை. நம்ம ஊர் 'வாங்க தம்பி' மாதிரி. (என் மனைவி இந்தப் பத்தியைப் படிக்கும்போது நான் ஆபீஸில் இருப்பேன்.)

பதிலுக்கு நாம் கடைக்காரரை 'லாவ்பான்' என்று கூப்பிட வேண்டும். முதலாளி! முதலாளி பெண்மணியாக இருந்தால் 'லாவ்பான்னியாங்'. கூப்பிட்டவுடன் அடுத்த கேள்வி வரும். 'நேய் யோங்' என்றால் உள்ளே உட்கார்ந்து சாப்பிட; 'வாய் தாய்' என்றால் பார்சல். இந்த இரண்டு வார்த்தை தெரிந்தால் தைபேயில் பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

ஆனால், சீட்டு?

அங்கே சர்வர் வந்து 'சூடா என்ன இருக்கு'ன்னு ஒப்பிக்கிற பழக்கம் இல்லை. நாமே சீட்டில் டிக் அடித்து, மேஜை நம்பர் எழுதி, அடுப்படியில் கொடுக்க வேண்டும். எனக்குப் படிக்கத் தெரிந்தது விலை மட்டும்தான். அதையே நம்பிக் களத்தில் இறங்கினேன். 40, 50, 50, 60 என்று நாலு இடத்தில் டிக். ஒரு தைவான் டாலர் ஏறக்குறைய மூன்று ரூபாய். பரவாயில்லை, கட்டுப்படியாகும்.

ஐந்தே நிமிஷம். மூன்று சூப் வந்தது. நாலாவதாக, ஒரு தட்டில் மெல்லிசாக நறுக்கிய பன்றிக் காது.

மாயவரத்தார் என்னைப் பார்த்த பார்வையை என் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

இன்னிக்கு அமாவாசையா?

நல்லவேளை, எங்களுக்கு டிரெய்னிங் கொடுத்த தைவான் இன்ஜினீயர் வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார்.

முதல் பாடம்: எத்தனை வேண்டும் என்று எழுத ஒரு முறை இருக்கிறது. ஐந்து கோடுகளால் ஆன ஒரு சீன எழுத்து. ஒரு கிண்ணம் வேண்டுமென்றால் அதன் முதல் கோடு, இரண்டு என்றால் இரண்டு கோடு. ஐந்தாவது கோட்டில் எழுத்து முடிந்துவிடும். பால் கணக்குக்கு நம்ம வீட்டுச் சுவரில் நாலு கோடு போட்டு, குறுக்கே ஒன்று அடிப்போமே... அதேதான்!

இரண்டாவது பாடம் மாயவரத்தாருக்கு. "'சு' என்று சொல்லுங்கள். சைவம் என்று அர்த்தம்" என்றார் நண்பர்.

மாயவரத்தார் எழுந்து நின்று, ஸ்கூல் பிள்ளை மாதிரி "சு!" என்றார்.

லாவ்பான்னியாங் அண்டாவை விட்டு வெளியே வந்தார். நண்பரிடம் என்னவோ கேட்டார். நண்பர் மொழிபெயர்த்தார்: "இன்றைக்கு முதல் தேதியா, பதினைந்தா? என்று கேட்கிறார்."

விஷயம் என்னவென்றால், அங்கே பௌத்த, தாவோ வழிபாடு உள்ள பல குடும்பங்களில் சந்திர மாசத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அதாவது ஏறக்குறைய அமாவாசை, பௌர்ணமி! மாயவரத்தார் முகம் மலர்ந்துவிட்டது. "எங்களுக்கு வருஷம் பூராவும் அமாவாசைதாங்க" என்றார்.

வெங்காயம், பூண்டு சேர்க்கலாமா என்று அடுத்த கேள்வி. அங்கே கறாரான சைவம் என்றால் அதுவும் கிடையாது. தைவான் அரசாங்கமே இதில் கண்டிப்பு. பாக்கெட் உணவில் சைவம் என்று போட்டால், ஐந்து வகையில் எது என்று அச்சடிக்க வேண்டும். முழுக்கத் தாவரம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது என்று! 'வெஜ்தான் சார், கிரேவி மட்டும் பொது' என்கிற பேச்சுக்கே இடமில்லை.

அந்த அம்மாள் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். கொதிக்கிற அண்டாவில் போடாமல், அதில் கோதுமை நூடுல்ஸைத் தனியாக வேகவைத்தார். மேலே எள்ளை அரைத்த விழுது, சோயா சாஸ், வெள்ளரிக்காய்த் துருவல். கிண்ணம் மேஜைக்கு வந்ததும் மாயவரத்தார் குனிந்து மோந்து பார்த்தார்.

"சார்... எள்ளுருண்டை வாசனை சார்!"

மூன்று நாள் விரதம் முடிந்தது. முதல் இரண்டு நிமிஷம் குச்சியோடு போராடிப் பார்த்தார். அப்புறம் ஸ்பூனுக்குத் தாவினார். யாரும் சிரிக்கவில்லை. கிண்ணத்தை வாய் வரை தூக்கிக்கொண்டு, சர்ரென்று உறிஞ்சி அவரவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே உறிஞ்சும் சத்தம் மரியாதைக் குறைவு இல்லை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கிற நமக்கு இதிலென்ன கூச்சம்?

பெயர் செச்சுவான், பிறப்பு தைவான்

எனக்கு வந்தது அந்தக் கடையின் ஸ்பெஷல். செக்கச்செவேல் என்று குழம்பு, அதில் தடி நூடுல்ஸ், மணிக்கணக்கில் கொதித்து வெண்ணெயாக வெந்த மாட்டுக்கறித் துண்டுகள். மேஜையில் உள்ள கீரை ஊறுகாயை நாமே எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். காரம் நாக்கில் ஏறி, மூக்கில் இறங்கியது. தைவானின் தேசிய உணவு என்றே இதைச் சொல்கிறவர்கள் உண்டு. 2005-லிருந்து தைபே நகராட்சி இதற்குத் திருவிழாவே நடத்தியிருக்கிறது.

"செச்சுவான் மாட்டுக்கறி நூடுல்ஸ் என்று பெயர். ஆனால் பிறந்தது தைவானில்" என்றார் நண்பர்.

கோபி மஞ்சூரியனை மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் என்ன ஆகும்? அந்தக் கதைதான். ஆனால், இதற்குப் பின்னால் உள்ள கதை அத்தனை தமாஷ் இல்லை.

தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பான்காரர்கள் கையில் இருந்தது. 1949-ல் சீனாவில் உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகள் ஜெயிக்க, தோற்ற சியாங் கை ஷேக்கின் அரசாங்கமும் படையும் கடலைத் தாண்டித் தைவானுக்கு வந்து சேர்ந்தன. கூட வந்தவர்கள் பன்னிரண்டு லட்சம் பேர் என்பது ஒரு கணக்கு. அதற்கும் மேலே சொல்கிறவர்கள் உண்டு. அப்போது தைவானின் ஜனத்தொகையே அறுபது லட்சம் சொச்சம்தான்! வந்தவர்களில் பலர் இளவட்டச் சிப்பாய்கள். 'கொஞ்ச நாளில் திரும்பிப் போய்விடலாம்' என்று நினைத்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஊருக்குப் போக முடியாது. நேராக ஒரு கடுதாசி போட முடியாது.

இவர்களுக்காக அரசாங்கம் கட்டிய குடியிருப்புகளில் ஒரே வரிசையில் செச்சுவான்காரர், ஷாண்டோங்காரர், ஹுனான்காரர் எல்லாரும் அடுத்தடுத்த வீடு. ஒவ்வொரு அடுப்பிலும் ஒவ்வொரு ஊர் வாசனை. தெற்கே காங்ஷான் என்கிற ஊரில் விமானப்படைப் பயிற்சிப் பள்ளி. செச்சுவானிலிருந்து இடம் பெயர்ந்து வந்தது. அங்கே இருந்தவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி மொச்சையும் மிளகாயும் சேர்த்து ஊறவைத்த காரவிழுதைச் செய்தார்கள். அந்த விழுதும், மாட்டுக்கறியும், சோயா சாஸும், நூடுல்ஸும் சேர்ந்த இடத்தில்தான் இந்தக் கிண்ணம் பிறந்தது என்பது, வரலாற்றுப் பேராசிரியர் லூ யாவ்தோங்கின் கணிப்பு. 1951 முதல் 1965 வரை அமெரிக்கா கொடுத்த உதவியில் கோதுமை வண்டி வண்டியாக வந்தது. அரிசி தின்கிற ஊரில் நூடுல்ஸ் கடைகள் முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ராணுவத்திலிருந்து வெளியே வந்த சிப்பாய்கள் பலபேர் பிழைப்புக்குத் தள்ளுவண்டி போட்டார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஊருக்குப் போக முடியாதவன் ஊரைச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தான்!

சுவரில் ஒரு போட்டோ

கடைச் சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. தள்ளுவண்டிக்குப் பின்னால், பனியனோடு ஒரு ஒல்லி மனிதர்.

"மாமனார்" என்றார் லாவ்பான்னியாங். கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல, நண்பர் மொழிபெயர்த்தார்.

மாமனாருக்கு ஊர் செச்சுவானில் ஒரு கிராமம். 1949-ல் தைவானில் வந்து இறங்கியபோது பத்தொன்பது வயசு. ஆற்றங்கரையில் தன் அம்மா கையை ஆட்டியதுதான் கடைசி.

1987 ஜூலையில்தான் தைவானில் 38 வருஷ ராணுவச் சட்டம் முடிவுக்கு வந்தது. அந்த வருஷம் அன்னையர் தினத்தன்று முன்னாள் சிப்பாய்கள் 'வீட்டு ஞாபகம்' என்று பொருள்படும் எழுத்துகளைச் சட்டையில் எழுதிக்கொண்டு தைபே தெருவில் வந்து நின்றார்கள். நவம்பரில் அரசாங்கம் இறங்கி வந்தது. சொந்தக்காரர்களைப் பார்க்கச் சீனாவுக்குப் போகலாம் என்று அனுமதி கொடுத்தது.

மாமனார் 1988-ல் போனார். அப்போது அவருக்கு வயசு 58. அம்மா இல்லை. புதைத்த இடத்தை ஒரு ஒன்றுவிட்ட தம்பி காட்டினார். பக்கத்து டவுனில் ஒரு கடையில் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார். பாதியிலேயே குச்சியை வைத்துவிட்டார்.

"திரும்பி வந்ததும் என் மாமியாரிடம் சொன்னாராம்... 'அது எங்க ஊர் ருசியாவே இல்ல. எங்க ஊர் ருசி உன் கைக்கு வந்து முப்பது வருஷமாச்சு'ன்னு."

மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாயவரத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவி படிந்துவிட்டது என்றார்.

மூலையில், முளைகட்டின பயறு குவியலுக்கு எதிரே உட்கார்ந்து, வால்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி. வயசு எண்பத்தேழு.

"அவங்கதான்" என்றார் லாவ்பான்னியாங். "இந்தக் குழம்பை இத்தனை வருஷம் காய்ச்சினது அவங்கதான். ஆனா, ஒரு சொட்டுக் கூட வாயில விட்டதில்லை."

"ஏன்?"

பாட்டி தைவான் விவசாயக் குடும்பம். அந்தக் காலத்துத் தைவான் விவசாயிகள் பலர் மாட்டுக்கறி சாப்பிட மாட்டார்கள். சாஸ்திரம் எதுவும் இல்லை, நன்றி. சேற்றில் நமக்காக உழைத்த எருமையைத் தின்பதாவது, என்பதுதான். மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஊருக்குப் போக முடியாத மனிதருக்காக, தான் சாப்பிடாத ஒன்றை, அவர் ஊர் ருசியில் சமைத்துக் கொடுத்திருக்கிறார் ஒரு பெண். உப்புக் கூடப் பார்க்காமல்!

"உப்பு எப்படி?" என்று கேட்டேன்.

லாவ்பான்னியாங் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "வாசனையிலேயே சொல்லிடுவாங்க. இன்னிக்கும் காலையில குழம்பு கொதிச்சதும், அவங்க வந்து மோந்து பார்த்துத் தலையாட்டினாத்தான் கடையைத் திறப்பேன்."

"இதென்ன சார் அதிசயம்?" என்றார் மாயவரத்தார். "எங்க ஊர்ல நைவேத்தியத்துக்குச் சமைக்கிறவங்க வாயில போட்டுப் பார்ப்பாங்களா? மூக்குதான். நம்ம மடப்பள்ளி ஆசாமி தைபேயில இருக்கார், அவ்ளோதான்!"

ஒரு கிண்ணச் சோற்றுக்காக ஒரு சண்டை

சாப்பாட்டு விஷயத்தில் தைவான்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். 'லூ ரோ ஃபான்' என்று ஒரு அயிட்டம். பொடியாக நறுக்கிய கொழுப்புப் பன்றிக்கறியைச் சோயா சாஸில் சுண்டவைத்து, சுடுசோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். ஏழை, பணக்காரர் வித்தியாசமில்லாமல் சாப்பிடுகிற கிண்ணம்.

2011-ல் மிஷலின் கம்பெனியின் பச்சை அட்டைச் சுற்றுலாக் கையேட்டில், இது சீனாவின் ஷாண்டோங் மாகாணத்துச் சரக்கு என்று அச்சாகிவிட்டது. 'லூ' என்றால் சுண்டவைப்பது. அதே உச்சரிப்பில் இன்னொரு எழுத்து உண்டு. அது ஷாண்டோங்குக்கு உள்ள பழைய பெயர். எழுதச் சுலபம் என்று கடைக்காரர்கள் பலர் போர்டில் அந்த எழுத்தைத்தான் போட்டிருந்தார்கள். வந்தது வினை!

தைபே மேயர் ஹாவ் லுங் பின் என்ன செய்தார் தெரியுமா? கண்டன அறிக்கை, கொடும்பாவி எல்லாம் இல்லை. 'இது எங்க ஊர்ச் சோறு' என்று நகராட்சி சார்பில் ஆயிரம் கிண்ணம் இலவசமாக விநியோகம்! இப்படிப் போராட்டம் நடத்தினால் நானும் தினம் கலந்துகொள்ளத் தயார்.

ஜவ்வரிசி டீ கதை இன்னும் ஜோர். இன்று உலகம் பூராவும் விற்கிற அந்த டீயைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று தைச்சோங் ஊர்க் கடை ஒன்றும் தைனான் ஊர்க் கடை ஒன்றும் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தன. 2019-ல் தீர்ப்பு: 'இதை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். யார் முதலில் என்று கண்டுபிடிக்க அவசியமில்லை.' நீதிபதி கையில் அப்போது ஒரு டம்ளர் இருந்திருக்கும் என்பது என் யூகம்.

நல்லெண்ணெய்யும் திருநீற்றுப்பச்சிலையும்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் கோஷ்டியோடு 'ரெ ச்சாவ்' கடைக்குப் போனோம். 'சூடான வறுவல்' என்று அர்த்தம். பெரிய நெருப்பு, பெரிய சட்டி, பெரிய சத்தம். வாரம் பூராவும் மேனேஜர் முன்னால் வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் இங்கே வந்துதான் திறப்பார்கள். பேசவும் சரி, ஊற்றிக்கொள்ளவும் சரி. பீர் வேண்டுமா? பிரிட்ஜிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் காலி பாட்டில்களை எண்ணி பில். 'தைவான் பீர்' கம்பெனி அரசாங்கத்துடையது. நம்ம ஊர் ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது!

அங்கே 'மூன்று கிண்ணக் கோழி' பிரசித்தம். சோயா சாஸ் ஒரு கிண்ணம், அரிசி ஒயின் ஒரு கிண்ணம், நல்லெண்ணெய் ஒரு கிண்ணம் என்பது கணக்கு. இறக்குவதற்கு முன் ஒரு கைப்பிடி இலை. அதன் பெயர் 'ஒன்பது அடுக்குக் கோபுரம்'. பூங்கொத்து அடுக்கடுக்காக இருப்பதால் அந்தப் பெயர். மாயவரத்தாருக்கு அதையே காளானில் செய்து கொடுத்தார்கள். இலையைக் கையில் எடுத்துக் கசக்கினார்.

"சார், இது எங்க வீட்டுக் கொல்லையில இருக்கு! திருநீற்றுப்பச்சிலை!"

அதே ஜாதிதான். நல்லெண்ணெய்யில் வதங்கிய திருநீற்றுப்பச்சிலையோடு மாயவரத்தார் மூன்று கிண்ணம் சோறு இறக்கினார்.

நீங்கள் போனால்...

* குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி வைப்பது மாதிரி இருக்குமாம்.

* டிப்ஸ் கிடையாது. மேஜையில் சில்லறையை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று தெருவில் ஓடிவந்து கொடுப்பார்கள். பெரிய ஹோட்டல்களில் பத்து சதவிகிதம் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள்.

* பில்லைக் கசக்கி எறியாதீர்கள். அது லாட்டரிச் சீட்டு! கடைக்காரர்கள் வரி ஏய்க்காமல் பில் போட வேண்டும் என்பதற்காக 1951-ல் ஆரம்பித்த திட்டம். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை, 25-ம் தேதி குலுக்கல். உச்சப் பரிசு ஒரு கோடித் தைவான் டாலர். முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் ஒத்துப்போனால் கூட 200 டாலர். (ரொம்பச் சின்னக் கடைகளுக்கு இந்த பில்லிலிருந்து விலக்கு உண்டு.)

* சைவ ஹோட்டல் போர்டுகளில் ஸ்வஸ்திகச் சின்னம் இருக்கும். அது பௌத்த அடையாளம். தைரியமாக நுழையலாம்.

கடைசி நாள்

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மறுபடி அந்தச் சந்து. உள்ளே நுழைந்ததுமே பாட்டி எங்களைப் பார்த்து, "ஜியா பா ப்வே?" என்றார். நண்பர் சொன்னார்: "தைவான் மொழியில், சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். 'சௌக்கியமா'வுக்குப் பதில் பழைய ஆட்கள் இப்படித்தான் கேட்பார்கள்."

"எங்க பாட்டியும் அப்படித்தாங்க" என்றார் மாயவரத்தார்.

லாவ்பான்னியாங் அன்று சற்று அசந்து தெரிந்தார். தோள்வலியாம். விடிகாலை நாலு மணிக்கு எலும்பைக் கொதிக்கப் போட வேண்டும். ஒரே பையன் ஷின்ச்சூவில் சிப் கம்பெனியில் இன்ஜினீயர். நல்ல சம்பளம். கடைக்கு வர மாட்டான். வரச் சொல்லவும் மனசில்லை.

"எனக்கு முடிகிற வரை. அப்புறம் ஷட்டர்தான்" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

எனக்குத் திக்கென்றது. 1949-ல் ஒரு ஆற்றங்கரையிலிருந்து கிளம்பிய ருசி. ஒரு பாட்டியின் மூக்கில் இருக்கிறது. சமையல் குறிப்பு கூட எழுதி வைக்கவில்லையாம். மூக்கை எப்படி எழுதுவது?

மாயவரத்தார் என்ன நினைத்தாரோ, பையிலிருந்து அந்த ரிசர்வ் பாட்டிலை எடுத்தார். சீல் கூட உடைக்கவில்லை. இரண்டு கையாலும் பாட்டியிடம் நீட்டினார்.

"எங்க ஊர் ருசி. சு!" என்றார்.

லாவ்பான்னியாங் மூடியைத் திறந்தார். புளியும் வறுத்த வெந்தயமும் நல்லெண்ணெய்யும் சேர்ந்து கடை பூராவும் வீசியது. பக்கத்து மேஜை ஆட்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டி பாட்டிலை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்தார். கண்ணை மூடினார். ஒரு முறை. இரண்டாவது முறை.

அப்புறம் மருமகளிடம் என்னவோ சொன்னார். நண்பர் தயங்கினார்.

"பரவாயில்ல, சொல்லுங்க" என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு... ஆனா உப்பு ஒரு சிட்டிகை தூக்கல் என்கிறார்!"